எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்: அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர் வட்டத்தில் பெண்கள்

அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாசகர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்த கூட்டமாகத் திரண்டது 1926க்குப் பிறகு. அந்த ஆண்டு ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் இதழ் அது. வாசகர் கடிதத்தோடு எழுதியவரின் முகவரியையும் அச்சிடும் வழக்கம் அதில் இருந்தது. முகவரி கிடைத்ததும் வாசகர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். கடிதப் போக்குவரத்திலிருந்து ஊர்ச் சங்கங்கள் பிறந்தன. சங்கத்தார் கையால் நகலெடுத்த சிற்றிதழ்களை நடத்தினார்கள். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். கதை படிப்பவர் ரசிகராக மாறும் பாதை இப்படி அமைந்தது: கடிதம், சங்கம், சிற்றிதழ், மாநாடு.

இந்தப் பாதையில் பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால், தொடக்கத்தில் பெண்களே இல்லை, 1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகுதான் வந்தார்கள் என்ற பதிலே நெடுங்காலம் சொல்லப்பட்டது. அதில் பாதி உண்மை. சங்கக் கூட்டங்களிலும் மாநாட்டு அறைகளிலும் 1960கள் வரை ஆண்களே பெரும்பான்மை என்பதில் ஐயமில்லை. அந்த அறைகளுக்கு வெளியே கதை படித்தவர்கள், கதை எழுதியவர்கள், கடிதம் போட்டவர்கள், சிற்றிதழுக்கு இரவெல்லாம் தட்டச்சு செய்தவர்கள் என எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறாகிறது. ஆண், பெண் விகிதம் என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, யாரை ரசிகராக எண்ணுவது என்ற முடிவிலிருந்து வந்தது. அமெரிக்க வட்டத்தின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

தொடக்க கால ஏற்றத்தாழ்வுக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. கெர்ன்ஸ்பேக் வானொலிக் கருவிகளும் உதிரிப் பாகங்களும் விற்றவர். மின்சாரம், வானொலி பற்றிய இதழ்களை நடத்தியவர். வானொலிப் பெட்டியைத் தானே கழற்றி மாட்டும் பள்ளிப் பையன்கள்தான் அவருக்கு ஏற்கெனவே பழகிய வாசகர்கள். சங்கங்கள் மாலை நேரங்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடின. மாநாட்டுக்குப் போக நெடுந்தூரப் பேருந்தில் ஏற வேண்டும், இல்லையென்றால் வழியில் வரும் காரை நிறுத்தி ஏறிக்கொள்ள வேண்டும். 16 வயதுப் பையனை வீட்டில் அப்படி அனுப்புவார்கள். அதே வயதுப் பெண்ணை அனுப்பிய வீடு அரிது. ஆர்வம் இருவருக்கும் ஒரே அளவு இருந்தாலும் மாநாட்டு மண்டபத்தில் தலைகளை எண்ணும்போது ஒரு பக்கம்தான் கணக்கில் வரும்.

இதழ் ஆசிரியர்களின் எண்ணமும் இதற்குத் துணைபோனது. அமேசிங் ஸ்டோரீஸ் 1926 டிசம்பர் இதழின் அட்டைப்படத்துக்குக் கதை எழுதும் போட்டி ஒன்றை வைத்தது. அதில் மூன்றாம் பரிசு கிளேர் விங்கர் ஹாரிஸ் என்ற பெண்ணுக்குக் கிடைத்தது. அவர் கதை 1927 ஜூனில் வெளிவந்தது. கூடவே ஆசிரியர் குறிப்பும் வந்தது. பெண்களுக்கு அறிவியல் கல்வி குறைவு என்பதால் பொதுவாக அவர்களால் இத்தகைய கதைகளை நன்றாக எழுத முடிவதில்லை, இவர் விதிவிலக்கு என்பது அதன் சாரம். இதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1905இல், சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் ரொக்கேயா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ வெளியாகியிருந்தது. சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்தும் பெண் விஞ்ஞானிகள் இருக்கும், பெண்கள் ஆளும் நாட்டின் கதை அது. பெண்கள் நடத்தி, பெண்கள் படித்த ஓர் இதழ் அதற்கு இடம் தந்தது என்பதை இந்த வரலாற்றில் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஹாரிஸ் விதிவிலக்கும் இல்லை. எரிக் லீஃப் டேவின் என்ற ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட ‘பார்ட்னர்ஸ் இன் வொண்டர்’ நூலில் பழைய இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பெண் எழுத்தாளர்களைப் பட்டியலிட்டார். 1926 முதல் 1960 வரையிலான அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களில் 200க்கும் மேற்பட்ட பெண்களின் கதைகள் இருந்தன. ஆண்களோடு ஒப்பிட்டால் இது சிறுபான்மைதான். ஆனால் இல்லவே இல்லை என்ற பேச்சுக்கு இது இடம் கொடுக்கவில்லை. எழுதியவர்கள் 200 பேருக்கு மேல் என்றால், எழுதாமல் படித்த பெண்கள் அதைப் போலப் பல மடங்கு இருந்திருப்பார்கள் என்று கொள்வதே முறை.

அவர்கள் கண்ணுக்குப் படாமல் போனதற்குப் பெயர்களும் ஒரு காரணம். காதரின் லூசில் மூர் இண்டியானாபோலிஸ் நகர வங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். 1933இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்த அவருடைய ‘ஷாம்ப்ளோ’ பெரும் வரவேற்பைப் பெற்றது. கதை எழுதுவது வேலைக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது என்பதற்காக சி.எல். மூர் என்று கையெழுத்திட்டார். அதை ஆண் பெயர் என்றே நினைத்த ஹென்றி கட்னர் என்ற ரசிகர் ‘திரு. மூர்’ அவர்களுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். 1940இல் இருவரும் திருமணம் செய்துகொண்டு, பின்னர் இணைந்தும் நிறைய எழுதினார்கள். முதலெழுத்துகளுக்குப் பின்னால் நிற்பது அந்தக் காலத்தோடு முடியவில்லை. ஸ்டார் ட்ரெக்குக்குக் கதை வசனம் எழுதிய டோரதி ஃபோண்டானா திரையில் டி.சி. ஃபோண்டானா ஆனார். 1997இல் ஹாரி பாட்டர் முதல் நூல் வெளிவந்தபோது, பையன்கள் வாங்கத் தயங்குவார்களோ என்ற எண்ணத்தில் பதிப்பகம் அதை எழுதிய பெண்ணிடம் முழுப் பெயருக்குப் பதில் முதலெழுத்துகளைக் கேட்டுப் பெற்றது.

வாசகர் கடிதப் பகுதியில் இந்தப் பூசல் வெளிப்படையாகவே நடந்தது. 1938இலும் 1939இலும் ‘அஸ்டவுண்டிங்’ இதழுக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் தொடர்ந்து கடிதம் எழுதினார். அறிவியல் கதைக்குள் காதலும் கதாநாயகியும் எதற்கு என்பது அவர் வாதம். உலக வரலாற்றைப் பெண்கள் நேரடியாக மாற்றியதில்லை என்று சொல்லும் அளவுக்கு அது போனது. அந்த மாணவர் ஐசக் அசிமோவ். மேரி பையர்ஸ் என்ற வாசகி அதே பகுதியில் அவருக்கு எதிர்வாதம் எழுதினார். இந்தக் கடிதங்களை ஜஸ்டின் லார்பலெஸ்டியர் 2002இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாக எடுத்துப் பேசியிருக்கிறார். கதையில் பெண் பாத்திரம் என்றாலே காதல் என்று இளைஞர்கள் நினைத்ததும், காதல் வேண்டாம் என்பது பெண்ணே வேண்டாம் என்று முடிந்ததும் அந்தக் கடிதங்களில் பளிச்சென்று தெரிகின்றன. மேரி பையர்ஸ் பின்னர் ரசிகர் வட்டத்துக்கு வந்து, சிரில் கார்ன்புளூத் என்ற எழுத்தாளரை மணந்தார். அசிமோவ் 1941இல் சூசன் கால்வின் என்ற பெண் ரோபோ உளவியலாளரைப் படைத்தார். ஆனால் புகழ்பெற்ற பிறகு மாநாடுகளில் பெண்களை அவர்கள் விருப்பமின்றித் தொடும் பழக்கமும் அவருக்கு இருந்தது. வட்டத்தில் பலருக்கும் அது தெரியும். வேடிக்கை என்று சிரித்துக் கடந்தார்கள். பெண்கள் ஏன் குறைவாக வந்தார்கள் என்று வியப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1939 மாநாட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் வந்தார்கள். எஸ்பெராண்டோ மொழி ஆர்வலரான டக்ளஸை ‘மொரோஜோ’ என்ற பெயரால் ரசிகர்கள் அறிந்திருந்தார்கள். ‘திங்ஸ் டு கம்’ திரைப்படத்தைப் பார்த்து, எதிர்கால மனிதர் உடுத்துவது போன்ற ஆடைகளை இருவருக்கும் அவரே தைத்திருந்தார். மாநாட்டில் வேடமணிந்து வந்தவர்கள் இவர்கள் இருவர்தான். இன்று உலகெங்கும் காஸ்ப்ளே என்று நடக்கும் பெருங்கலைக்கு அதுவே தொடக்கம் எனப்படுகிறது. பல பத்தாண்டுகள் அந்தப் பெருமை ஆக்கர்மன் ஒருவருக்கே போனது. இருவரும் சேர்ந்து நடத்திய சிற்றிதழிலும் டக்ளஸின் உழைப்பு சரிபாதி. ஆனால் ரசிகர் வட்டத்தின் பழைய நினைவுக் குறிப்புகளில் பெண்கள் பெரும்பாலும் இன்னாரின் தோழி, இன்னாரின் மனைவி என்றே வருகிறார்கள். நியூயார்க்கின் ‘ஃப்யூச்சரியன்ஸ்’ குழுவில் இருந்த ஜூடித் மெரில் அந்த நிழலில் நிற்க மறுத்தவர். எழுத்தாளராகவும் ஆண்டுத் தொகுப்புகளின் ஆசிரியராகவும் தன் காலத்தின் ரசனையையே மாற்றினார். அவர் கொடுத்த நூல்களைக் கொண்டு டொராண்டோ பொது நூலகம் 1970இல் தொடங்கிய அறிவியல் புனைகதைப் பிரிவு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

கடிதத்தாலும் சிற்றிதழாலும் இயங்கிய கூட்டத்தில் ஒருவர் ஆணா பெண்ணா என்பது தெரியாமலே பல ஆண்டுகள் போகலாம். ஜார்ஜியா மாநிலத்தின் சவானா ஊரிலிருந்து 1950இல் ‘குவாண்ட்ரி’ என்ற சிற்றிதழ் வரத் தொடங்கியது. வட்டத்திலேயே மிகச் சிறந்த இதழ்களில் ஒன்று என்று அதைக் கொண்டாடினார்கள். ஆசிரியர் பெயர் லீ ஹாஃப்மன். 1951 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் உலக மாநாட்டுக்கு லீ ஹாஃப்மன் நேரில் வந்தபோது, எதிரே நிற்பது 19 வயதுப் பெண் என்பதை மூத்த ரசிகர்களால் நம்ப முடியவில்லை. யாரையும் ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. இவ்வளவு நன்றாக இதழ் நடத்துபவர் ஆணாகத்தான் இருப்பார் என்று எல்லாரும் தாமாகவே முடிவு செய்திருந்தார்கள்.

பிரிட்டனில் இதன் மறுபக்கம் அரங்கேறியது. பெண்கள் மட்டுமே எழுதி நடத்தும் இதழ் என்று 1954இல் ‘ஃபெமிசின்’ தொடங்கியது. அதன் முன்னணி ஆசிரியர் ஜோன் கார். அவர் எழுத்தைப் படித்துப் பல பெண்கள் ஊக்கம் பெற்று எழுத வந்தார்கள். இராணுவத்தில் இருந்த சாண்டி சாண்டர்சன் என்ற ஆண் ரசிகர் கற்பனையாகப் படைத்த ஆள்தான் ஜோன் கார் என்பது பிறகு வெளிப்பட்டது. நம்பியிருந்த பெண்களுக்கு அது பெரிய அடி. லண்டனில் செவிலியராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் எதெல் லிண்ட்சே அந்த இதழை ஏற்று நடத்தினார். 1962இல் அட்லாண்டிக்கைக் கடந்து ரசிகர்களின் பிரதிநிதியாக அமெரிக்க மாநாட்டுக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே 1950களில் அமெரிக்காவில் கார்ல் பிராண்டன் என்ற கறுப்பின ரசிகரையும் வெள்ளை ரசிகர்கள் சிலர் இப்படியே கற்பனையாக உருவாக்கி உலவவிட்டார்கள். இல்லாதவர்களின் இடத்தைக் கற்பனை ஆட்களால் நிரப்பிய வட்டம், உண்மையாக வந்தவர்களை அடையாளம் காணத் தடுமாறியது.

மாநாட்டு அறைகளிலும் நிலைமை மெல்ல அசைந்தது. 1952 சிகாகோ உலக மாநாட்டுக்குத் தலைமையேற்று நடத்தியவர் 21 வயது ஜூலியன் மே. உலக மாநாட்டின் முதல் பெண் தலைவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு அஸ்டவுண்டிங் இதழில் ஜே.சி. மே என்ற பெயரில் அவர் கதை வந்திருந்தது. அந்த மாநாட்டுக்கு 800 பேருக்கு மேல் வந்தது அன்றைக்குப் பெரிய எண்ணிக்கை. வந்தவர்களில் ஒருவர் அப்போது கடற்படையில் பணியாற்றிக்கொண்டிருந்த பீஜோ டிரிம்பிள்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து இந்த டிரிம்பிள்தான் ரசிகர் வட்டத்தின் அளவையே மாற்றும் செயலைத் தொடங்கினார். 1967 இறுதியில் என்பிசி தொலைக்காட்சி நிறுவனம் ஸ்டார் ட்ரெக்கை இரண்டாம் பருவத்தோடு நிறுத்தப்போகிறது என்ற செய்தி பரவியது. டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் நாடு முழுவதும் ரசிகர்களுக்குக் கடிதம் எழுதி, ஒவ்வொருவரையும் நிறுவனத்துக்கு எழுதச் சொன்னார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் குவிந்தன. தொடர் நீடிக்கும், தயவுசெய்து இனி எழுத வேண்டாம் என்று 1968 மார்ச் 1 அன்று நிகழ்ச்சியின் முடிவிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. 1967இல் நியூயார்க்கில் டெவ்ரா லாங்சமும் ஷெர்னா கமர்ஃபோர்டும் ‘ஸ்பாக்கனாலியா’ என்ற முதல் ஸ்டார் ட்ரெக் சிற்றிதழைக் கொண்டுவந்தார்கள். லாங்சம் புரூக்ளின் பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவு நூலகர். 1972 ஜனவரியில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நடந்த முதல் பெரிய ஸ்டார் ட்ரெக் மாநாட்டை ஏற்பாடு செய்த குழுவில் லாங்சம், ஜோன் வின்ஸ்டன் உள்ளிட்ட பெண்கள் முன்னின்றார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் 3,000க்கும் மேல்.

இந்தப் புதிய கூட்டத்தின் சிற்றிதழ்களில் எழுதியவர்கள், வரைந்தவர்கள், அஞ்சல் செய்தவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். கமில் பேக்கன்-ஸ்மித் 1992இல் எழுதிய ‘என்டர்பிரைசிங் விமன்’ என்ற ஆய்வு நூல் இவர்களைப் பற்றியதே. ஸ்டார் ட்ரெக் கதைமாந்தரைக் கொண்டு தாங்களே கதை எழுதி, ஒருவர் கதையை மற்றவர் திருத்தி, அச்சுச் செலவுக்கு மட்டும் விலை வைத்து விற்றார்கள். இது எப்படிச் சாத்தியமானது என்பது கவனிக்கத்தக்கது. தொலைக்காட்சி வீட்டுக் கூடத்திலேயே இருந்தது; கதையை அடைய யாருடைய சங்கத்துக்கும் போக வேண்டியதில்லை. நூலகர், ஆசிரியை, அலுவலகச் செயலர் என்று வேலைக்குப் போன பெண்கள் பலருக்குத் தட்டச்சும் சைக்ளோஸ்டைல் இயந்திரமும் கைப்பழக்கம். அஞ்சல் வழியாக எல்லாம் நடந்ததால் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நள்ளிரவிலும் ரசிகராக இருக்க முடிந்தது. 1926இல் திறந்த வழி ஒரு சாராருக்கு வசதியாக அமைந்தது போல, 1967இல் திறந்த வழி இன்னொரு சாராருக்கு வசதியாக அமைந்தது. ஆர்வம் எப்போதும் அங்கேதான் இருந்தது.

பழைய ரசிகர்கள் பலர் இதை வரவேற்கவில்லை. தொலைக்காட்சி பார்ப்பவர்கள் புத்தகம் படிக்காதவர்கள், உண்மை ரசிகர்கள் அல்லர் என்றார்கள். ஆனால் டிரிம்பிள் அதற்கு முன்பே மாநாட்டு ஓவியக் கண்காட்சிகளை நடத்திவந்தவர். தொடருக்கான சிற்றிதழ்களில் எழுதிய பெண்கள் பலரும் ஆண்டுக்கணக்கில் இந்த இலக்கியத்தைப் படித்தவர்கள். அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு எண்ணினால் விகிதம் பழையபடியே இருக்கும். 1970களில் இந்தக் கணக்கு வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டது என்று சொல்வது கடுமையானாலும் உண்மைக்குத் தூரமில்லை.

பெண்ணிய ரசிகர்கள் அதே பத்தாண்டில் தங்களுக்கான இடங்களைக் கட்டினார்கள். கனடாவின் ஹாமில்டனில் 1974இல் அமாண்டா பேங்கியர் ‘தி விட்ச் அண்ட் தி கமீலியன்’ என்ற முதல் பெண்ணிய அறிவியல் புனைகதைச் சிற்றிதழைத் தொடங்கினார். 1976 கான்சஸ் சிட்டி உலக மாநாட்டில் பெண்களும் அறிவியல் புனைகதையும் என்ற அமர்வை சூசன் வுட் ஏற்பாடு செய்தார். அமர்வு முடிந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. பெண்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டுக்கொள்ளும் கடித இதழ் ஒன்று அதிலிருந்து பிறந்தது. 1977இல் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் விஸ்கான் மாநாடு தொடங்கியது. பெண்ணிய நோக்கோடு நடக்கும் முதல் அறிவியல் புனைகதை மாநாடு அது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை மாநாட்டுச் செலவில் ஒரு பகுதியாகவே விஸ்கான் கருதியது. தலைகளை எண்ணுவதற்கு முன் கதவைத் திறக்க வேண்டும் என்ற புரிதலின் நடைமுறை வடிவம் இதுதான்.

அதே 1977இல் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் யார் என்பது தெரியவந்தது. பரிசுகள் வென்ற, யாரும் நேரில் பார்த்திராத எழுத்தாளர் அவர். அந்த எழுத்தை ஒரு பெண் எழுதியிருக்க முடியாது என்று எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் 1975இல் டிப்ட்ரீயின் கதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையிலேயே வாதிட்டிருந்தார். ‘கத்ரு’ சிற்றிதழ் 1975இல் நடத்திய பெண்களும் அறிவியல் புனைகதையும் பற்றிய கடித விவாதத்தில் டிப்ட்ரீ ஆணாகவே கலந்துகொண்டார். அவர் அலிஸ் ஷெல்டன் என்ற 60 வயதைத் தாண்டிய பெண். சில்வர்பெர்க் தன் தவறை நேர்மையாக ஒப்புக்கொண்டார். பாலின வரம்புகளை ஆராயும் படைப்புகளுக்காக டிப்ட்ரீ பெயரில் ஒரு விருதை 1991 விஸ்கானில் எழுத்தாளர்கள் பாட் மர்ஃபியும் கேரன் ஜாய் ஃபௌலரும் அறிவித்தார்கள். அதற்கான பணம் ரசிகர்கள் வீட்டில் கேக்கும் பிஸ்கட்டும் செய்து மாநாடுகளில் விற்றுச் சேர்த்தது. 2019இல் அந்த விருது ‘அதர்வைஸ்’ என்று பெயர் மாற்றப்பட்டது.

உலக மாநாட்டு உறுப்பினர்களான ரசிகர்கள் வாக்களித்துத் தரும் ஹியூகோ விருது இன்னோர் அளவுகோல். 1953இல் தொடங்கிய அந்த விருதில் கதைக்கான பரிசை முதலில் பெற்ற பெண் ஆன் மெக்காஃப்ரி, 1968இல். 1970இல் அர்சுலா லெ குவின் நாவல் பரிசைப் பெற்றார். 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளும் என்.கே. ஜெமிசின் தொடர்ந்து நாவல் பரிசு வென்றார். வேறு யாரும் அதற்கு முன் அப்படி வென்றதில்லை. 2016 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் நாவல் பரிசு பெண்களுக்கே போனது. இந்த மாற்றம் தொடங்கியபோதே அதை எதிர்த்து அணி திரட்டியவர்கள் 2015இல் தாங்கள் விரும்பிய பெயர்களைப் பரிந்துரைப் பட்டியலில் கூட்டமாக ஏற்றினார்கள். வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் யாருக்கும் விருது இல்லை என்று முடிவு செய்து அதற்கு விடை சொன்னார்கள். 2019இல் டப்ளினில், ரசிகர்கள் எழுதும் கதைகளைச் சேர்த்துவைக்கும் ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ இணையதளம் ஹியூகோ வென்றது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாவலாசிரியர் நவோமி நோவிக் விருதைப் பெற்றபோது, அதில் பங்கு உள்ள எல்லாரையும் அரங்கில் எழுந்து நிற்கச் சொன்னார். ஸ்பாக்கனாலியா காலத்தில் உண்மை ரசிகர் அல்லர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வேலைக்கு அன்று அதே உலக மாநாட்டின் ஏற்பு கிடைத்தது.

அமெரிக்க வட்டத்தின் நிலையை எல்லா நாட்டுக்கும் பொருத்த இயலாது. டோக்கியோவில் 1975 டிசம்பரில் நடந்த, ரசிகர்களின் ஓவியக் கதைச் சிற்றிதழ்ச் சந்தையான முதல் காமிக் மார்க்கெட்டுக்கு வந்த சுமார் 700 பேரில் ஏறத்தாழ 90 சதவீதம் பெண்கள், அதிலும் பெரும்பாலும் பள்ளி மாணவிகள். மோட்டோ ஹாகியோ, கெய்கோ டேக்கமியா போன்ற பெண் ஓவியக் கதாசிரியர்கள் சிறுமிகளுக்கான இதழ்களிலும் பிற இதழ்களிலும் விண்வெளிக் கதைகள் வரைந்துகொண்டிருந்த காலம் அது. கதை எந்த இதழில் வருகிறது, அந்த இதழ் யார் கைக்குப் போகிறது என்பதே அங்கும் கூட்டத்தின் உருவத்தை முடிவு செய்தது.

இன்றைய மாநாடுகளில் வருகையாளர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை இடைவெளி பெரிதும் குறைந்துவிட்டது. மீதமிருக்கும் சிக்கல்கள் வருகைக்குப் பிறகானவை. தொல்லை கொடுத்தால் என்ன நடவடிக்கை என்பதை எழுதிவைத்த நடத்தை விதிகளைப் பெரும்பாலான மாநாடுகள் 2010களில்தான் ஏற்றுக்கொண்டன. அசிமோவ் காலத்தில் சிரித்துக் கடந்த செயலுக்கு இப்போது நுழைவுச் சீட்டைப் பறிக்க முடியும். அமர்வு மேடைகளில் யார் பேசுகிறார்கள் என்பதை ஏற்பாட்டாளர்கள் கணக்கெடுக்கிறார்கள். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்காத ரசிகர்களுக்காகப் பதிவுப் படிவங்களும் பெயர் அட்டைகளும் மாறிவருகின்றன. விஸ்கான் செய்த குழந்தைப் பராமரிப்பு ஏற்பாட்டை இன்னும் பல மாநாடுகள் பின்பற்றவில்லை. அதற்கு ஆகும் செலவு நுழைவுக் கட்டணத்தில் சேர வேண்டுமா என்ற விவாதம் ஏற்பாட்டுக் குழுக்களில் தொடர்கிறது.